கழிப்பறைக் கதவில் முடிந்த ரோம்

எஸ்பியர்க்கில் நான் வேலை செய்த பீட்சாக் கடையின் முதலாளி இத்தாலியைப் பார்த்ததில்லை. அவர் துருக்கிக்காரர். கொன்யாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து, அங்கிருந்து டென்மார்க்குக்கு வந்து கடை போட்டவர். வாடிக்கையாளர் கதவைத் திறந்தால் "புவோனா சேரா", அதாவது மாலை வணக்கம், என்பார். அதற்கு யாராவது இத்தாலிய மொழியிலேயே பதில் சொல்லிவிட்டால் அவருக்கு உடனே சமையலறையில் அவசர வேலை வந்துவிடும்.

நான் யாழ்ப்பாணத்தில் படவரைஞராக இருந்தவன். அரசாங்கக் கட்டடங்களுக்கு வரைபடம் கீறுவது என் தொழில். பள்ளிக்கூடம், தபால் கந்தோர், சந்தை, மருந்துச்சாலை. நான் கீறியவற்றில் பாதி கட்டப்படவில்லை. கட்டப்பட்டவற்றில் பாதி குண்டு விழுந்து போயிற்று. எண்பதுகளின் நடுவில் டென்மார்க்குக்கு வந்து தஞ்சம் கேட்டேன். தஞ்சம் கிடைத்ததும் என்னை எஸ்பியர்க்குக்கு அனுப்பினார்கள். ஏன் எஸ்பியர்க் என்று கேட்டேன். அங்கே வீடுகள் காலியாக இருக்கின்றன என்றார்கள். ரயிலை விட்டு இறங்கியதும் மீன்மாத் தொழிற்சாலையின் நாற்றம் எதிரே வந்து காரணத்தைச் சொன்னது.

எனக்குக் கொடுத்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். மீன் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் மன்னாரில் இருந்தார்கள். நால்வரும் நிற்கும் படமொன்று சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தது. சாப்பிடத் தொடங்குமுன் சிலுவை போட்டுக்கொண்டு அந்தப் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு உப்புக் குறைவு என்று சொல்வார். சமைத்தது அவராக இருந்தாலும் சொல்வார்.

எனக்கும் ஊரை விட்டு வருமுன் கலியாண எழுத்து, அதாவது பதிவு, முடிந்திருந்தது. தாலி கட்டுவதைப் பிறகு பார்க்கலாம் என்று பெரியவர்கள் விட்டிருந்தார்கள். மனைவி என் கந்தோரில் வேலை செய்தவள். நான் பென்சிலில் கீறும் படங்களை மையால் பிரதி எடுப்பாள். இப்போது அவளுடைய தாய் அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துக் காத்திருந்தார்.

அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருடைய மனைவியும் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் டென்மார்க்குக்கு வரலாம். அது சட்டம் தரும் உரிமை என்று மொழிப் பள்ளிக்கூட ஆசிரியை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தார். நாங்களும் விண்ணப்பித்தோம். பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். 'பரிசீலனை' என்பதற்கான டேனிஷ் சொல்லை நான் உருளைக்கிழங்குக்கான சொல்லுக்கு முன்பே படித்துவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு காலை, முதலாளி என்னைக் கடையின் நீளச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கடல் ஈரத்தில் மண்ணிற ஒட்டுத்தாள் வீங்கி உரிந்துகொண்டிருந்தது.

"நீ படம் கீறுகிறவன்தானே? இதில் இத்தாலியைக் கீறு" என்றார்.

"இத்தாலியில் எதை?"

"இத்தாலியை."

நகர நூலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி ஒரு தடித்த புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். இத்தாலியின் பழைய சதுக்கங்கள், நீரூற்றுகள், நினைவுச் சின்னங்கள். நல்ல படங்கள், அவற்றோடு தரைப்படமும் குறுக்குவெட்டுப் படமும் அளவுகளும். வந்த நாளிலிருந்து எனக்கு முழுதாக விளங்கிய முதல் டேனிஷ் புத்தகம் அதுதான். எழுத்து விளங்கவில்லை. படம் விளங்கியது.

சாப்பாட்டு மேசையில் வைத்து அண்ணையும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். சியேனா நகரத்துச் சதுக்கம் ஒரு சிப்பியை விரித்தது போல நடுவை நோக்கிச் சரிந்து கிடந்தது. அதைக் கீறினால் கடை மேசைகளும் சரிந்து நிற்பது போல இருக்கும். வெனிஸில் எங்கு பார்த்தாலும் தண்ணீர். எஸ்பியர்க்குக்கு இன்னும் தண்ணீர் தேவையில்லை. ரோமில் உள்ள திரேவி ஊற்று ஒரு மாளிகையின் முகப்பு முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்றது. முன்னால் காலடி வைக்கத்தான் கொஞ்சம் இடம். பெரிய உடம்புக்காரர் சின்னக் குளியலறையில் குளிப்பது போல.

"ஏதும் ஒரு கோயிலாப் பாத்துக் கீறுமன் தம்பி" என்றார் அண்ணை.

அடுத்த நாள் முதலாளியிடம் கேட்டேன். "சாப்பிடுகிற இடத்தில் கோயில் வேண்டாம். தண்ணீர் இருக்கட்டும். தண்ணீரைப் பார்த்தால் ஆட்களுக்குத் தாகம் வரும்" என்றார்.

இப்படித்தான் நவோனா சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். சதுக்கம் என்று தமிழில் சொல்கிறோம். நவோனாவில் சதுரமாக ஒன்றும் கிடையாது. பழைய ரோமர் காலத்தில் அது ஓட்டப் பந்தய மைதானம். நீளமாக, ஒரு முனை நேராகவும் மறு முனை வளைந்தும் இருக்கும். மைதானம் இடிந்துபோன பின், மக்கள் பார்வையாளர் இருக்கைகளின் அத்திவாரத்தின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். ஓடிய இடம் மட்டும் வெறுமையாக மிஞ்சியது. யாழ்ப்பாணத்து முற்றவெளி மைதானத்தைச் சுற்றி நாலு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்த நீளம் கடைச் சுவருக்குச் சரியாக இருந்தது. ஒரு பக்கத்தில் குவிமாடமும் இரட்டைக் கோபுரமும் வைத்த ஒரு பெரிய கோயில் நின்றது. முதலாளி விரலை அதில் வைத்து, "இது என்ன?" என்று கேட்டார்.

"கட்டடம்" என்றேன்.

காலையில் கடை திறக்குமுன் வேலை செய்தேன். முதலில் ஒட்டுத்தாளை உரித்துச் சுண்ணாம்பு பூசினேன். பிறகு, கோடுகள் எல்லாம் தூரத்தில் போய்க் கூடும் புள்ளியைத் தீர்மானிக்க வேண்டும். அதில் ஓர் ஆணி அடித்து, நூலைக் கட்டி இழுத்தால் ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு ஜன்னல் வரிசையும் எப்படிச் சரிந்து போகும் என்று தெரிந்துவிடும். அளந்து பார்த்தபோது அந்தப் புள்ளி, சுவரின் நடுவில் இருந்த கழிப்பறைக் கதவில், கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது. முதலாளியிடம் சொன்னேன். கதவை மாற்ற முடியாது, ரோமை மாற்று என்றார். ரோமையும் மாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கடையில் கழிப்பறைக்குப் போன ஒவ்வொருவரும் நவோனாவின் வடக்கு முனைவரை நடந்து போய் மறைந்தார்கள்.

மொழிப் பள்ளிக்கூடத்தில் அந்த மாதங்களில் எனக்குத் தூண், கொடுங்கை, பீடம் எல்லாவற்றுக்கும் டேனிஷ் சொல் தெரிந்திருந்தது. நீரூற்றை அவர்கள் 'குதிக்கும் தண்ணீர்' என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் ஆசிரியை, ஜன்னலுக்கு வெளியே தெரிவதைச் சொல் என்றார். எதிரே இருந்த வங்கியின் முகப்பில் சுவரோடு ஒட்டிய அரைத் தூண்கள் நாலு இருக்கின்றன, ஆனால் அவை எதையும் தாங்கவில்லை என்றேன். ஆசிரியை எழுந்து போய்ப் பார்த்தார். அந்த ஊரிலேயே பிறந்தவர். இன்றைக்குத்தான் அதைக் காண்கிறேன் என்றார். அதன் பிறகு, கடையில் பால் வாங்குவது எப்படி என்று எனக்குச் சொல்லித் தந்தார்.

நவோனாவின் நடுவில் உள்ள ஊற்றுதான் என்னை அதிக நாள் வைத்திருந்தது. குகை போலக் குடைந்த ஒரு பாறை. நாலு பக்கமும் ஓட்டை. அந்த வெற்றிடத்துக்கு மேலே, நேர் நடுவில், எகிப்திய பாணியில் ஒரு உயரமான கல் தூபி. பாரம் இறங்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. எங்கள் கந்தோரின் பொறியியலாளர் இதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார். முந்நூறு வருடங்களுக்கு மேலாக அது விழாமல் நிற்கிறது. பாறையின் நாலு மூலையிலும் நாலு ஆறுகளை நாலு ஆட்களாகச் செதுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அகராதி வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒன்று கங்கை என்று இருந்தது.

அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். தாடி வைத்த ஒரு திடகாத்திரமான ஆண், கையில் துடுப்போடு சாய்ந்து இருந்தார்.

"இதாரு?"

"கங்கை."

"உங்கட கங்கை பொம்பிளையெல்லே?"

"ஓம்."

அண்ணை படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "தூரத்தில இருந்து கேள்விப்பட்டுச் செய்திருக்கிறாங்கள் போல" என்றார்.

நான் தாடியோடேயே கீறினேன். வேறு ஒருவர் கட்டியதைத் திருத்துவது என் வேலையில்லை.

எல்லாம் முடிந்தபின் முதலாளி கடைசி மேசையில் இருந்து பார்த்தார். நல்லாயிருக்கிறது என்றார். பிறகு, ஆட்கள் எங்கே என்றார். எனக்கு ஆட்களைக் கீற வராது. கட்டடம் கீறுகிறவன் நான். கந்தோரில், கட்டடத்தின் உயரம் தெரிவதற்காக வாசலில் ஓர் ஆளை வைக்க வேண்டி வந்தால், அதற்கென்று வெட்டிய தகட்டைப் படத்தில் வைத்துச் சுற்றிக் கோடு இழுப்போம். அந்தத் தகடு யாழ்ப்பாணத்தில் இருந்தது.

"விடியற்காலை" என்றேன்.

"அப்ப எல்லாரும் நித்திரை" என்று முதலாளி திருப்திப்பட்டார். வாடிக்கையாளர் கேட்டால் அவர், இத்தாலியில் மத்தியானத் தூக்கம் என்று சொல்லிக்கொண்டார்.

சுவர் முடிந்த மகிழ்ச்சியில் முதலாளி தன் புது கமெராவைக் கொண்டு வந்தார். நான் அண்ணையின் நல்ல கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ஊற்றுக்கு முன்னால் நின்றேன். முன் கண்ணாடியால் நல்ல வெளிச்சம் வந்தது. மேசைகளை ஒதுக்கி வைத்திருந்தோம். அவர் எடுத்த படங்களில் ஒன்றை மனைவிக்கு அனுப்பினேன். பின்பக்கத்தில் 'எப்படி இருக்கிறது?' என்று மட்டும் எழுதினேன். என் கைவேலையைப் பார்த்துப் பழகியவள், சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். தொலைபேசி அங்கே வாசலில் இருந்தது. அவளைக் கூப்பிட்டு விட்டார்கள்.

"படம் கிடைச்சுதோ?"

"கிடைச்சுது. ரோம் நல்ல வடிவா இருக்கு" என்றாள்.

"ரோம் இல்லையப்பா. அது சுவர். கடைச் சுவர். நான்தான் கீறினனான்."

"ஓமோம். அங்க குளிரோ?"

"எங்க?"

"அங்கதான்."

"நான் சொல்லுறது விளங்குதோ? சுவர்! சுவர்!"

"சுவரெல்லாம் நல்ல உயரம் என்ன. பொறுங்கோ, அம்மா கதைக்கப் போறாவாம்."

மாமி தொலைபேசியை வாங்கினார்.

"தம்பி, இத்தாலிக்குப் போட்டு வந்தீராம்."

"இல்லை மாமி. அது சுவரில கீறின படம்."

"எனக்குக் கண் தெரியாதெண்டு நினைக்கிறீரோ? பக்கத்து அறை மனுசியின்ர மகன் ரோமில வேலை செய்யிறான். அவனும் இதே இடத்தில நிண்டு படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். ரண்டையும் பக்கத்தில வைச்சுப் பாத்தனாங்கள். அதே கல்லு, அதே தண்ணி."

"பாத்துத்தான் கீறினனான் மாமி."

"அவன்ர படத்தில ஒரே சனம். உம்மட படத்தில ஒரு புறா கூட இல்லை. எல்லாரையும் விலத்திப்போட்டோ எடுத்தனீர்?"

நான் பதில் சொல்ல வாயெடுக்குமுன் அவர் தொடர்ந்தார். "என்ர பிள்ளை இந்த லொட்ஜ் அறையில கிடந்து காயுறாள். நீர் கோட்டும் போட்டுக்கொண்டு ஊர் சுத்துறீர். இத்தாலிக்குப் போக உமக்கு விசா குடுக்கிறவங்கள், இவளுக்கு டென்மார்க்குக்கு வர ஏன் குடுக்கிறாங்களில்லை?"

"அது எனக்கும் தெரியேல்லை மாமி."

அந்தக் கேள்விக்கு அப்போது பதில் தெரிந்தவர்கள் கொப்பன்ஹேகனில் ஓர் அமைச்சுக்குள் இருந்தார்கள். அவர்கள் சொல்லவில்லை.

நான் இன்னொரு படம் எடுத்து அனுப்பினேன். இம்முறை முதலாளியைப் பின்னால் தள்ளி நின்று எடுக்கச் சொன்னேன். கூரை, தொங்கும் விளக்கு, மேசை, அதில் ஒரு பீட்சா, கழிப்பறைக் கதவு எல்லாம் அதில் விழுந்தன. மாமி அதையும் பார்த்தார். இத்தாலியில் சாப்பாட்டுக் கடைக்காரர் மேசையை வெளியே முற்றத்தில்தான் போடுவார்கள் என்று பக்கத்து அறை மனுசி விளக்கியிருந்தார். இவ்வளவு சனம் வந்து போகும் இடத்தில் ஒரு கக்கூஸ் கட்டாமல் விடுவார்களோ என்று மாமியே சொன்னாராம். அதோடு நான் விட்டுவிட்டேன். மனைவியின் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. மாமி நம்பாவிட்டால் பரவாயில்லை. அவளும் நம்பவில்லையே என்று சுவரைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். கடையில் என் வேலை முழுவதும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் இருந்தது.

பிறகு பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி நீதி மந்திரியே சொல்லியிருந்தார் என்று செய்தி வந்தது. மொழிப் பள்ளிக்கூட ஆசிரியை பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டு வந்து வாசிக்கச் சொன்னார். புதிய சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள் என்றார். எங்களில் ஒருவருக்கும் அதில் புதிய சொல் இருக்கவில்லை. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான் எழுதிக் காட்டியது பொய்யில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது" என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. நெடுநேரம் துடைத்தார்.

விண்ணப்பங்கள் நகரத் தொடங்கின. மனைவிக்கு விசா கிடைத்தது.

கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் அவளைக் கண்டதும் பெட்டியை வாங்கிக்கொண்டேன். ரயிலில் ஏறினோம். அந்த நாட்களில் ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடலைக் கடப்பார்கள். கப்பலின் மேல் தளத்தில் நின்றபோது அவள், "குளிர்தான்" என்றாள். அவள் வந்ததை நான் அப்போதுதான் நம்பினேன்.

அடுத்த நாள் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி "புவோனா சேரா" என்றார். காலை பத்து மணி. மனைவி சுவருக்கு முன்னால் போய் நின்று, இடமிருந்து வலமாக, கந்தோரில் படம் சரிபார்ப்பது போலவே பார்த்தாள்.

"வலது பக்கக் கோபுரம் ஒரு நூல் கட்டை" என்றாள்.

"இப்பவாவது தெரியுதோ சுவரெண்டு?"

"எனக்கு முதல் நாளே தெரியும்."

அவள் ஒரு மாளிகையின் மேல் தளத்தில் விரலை வைத்தாள்.

"உங்கட ஜன்னல் எனக்குத் தெரியாதோ? அங்க பாருங்கோ. எங்கட பள்ளிக்கூடங்களுக்குக் கீறுற அதே ஆறு கண்ணாடி ஜன்னல். எத்தினை தரம் நான் மை போட்டிருப்பன். ரோமில மாளிகைக்கு ஆர் அப்பிடி ஜன்னல் வைப்பான்?"

புத்தகத்தைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் கீறினேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தளத்திலும், சதுக்கத்தின் இரு பக்கமும், அரசினர் கலவன் பாடசாலை ஜன்னல்கள்தான் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப ஏன் ஃபோனில அப்பிடிக் கதைச்சனீர்?"

"அம்மா அந்த மாசம் என்னை ஊருக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு நிண்டவ. எழுத்தை முறிச்சுப்போட்டு வேற இடம் பாக்கிறன் எண்டும் சொன்னவ. பெட்டியும் கட்டியாச்சு. உங்கட படம் வந்தோடன கோபம் வந்திட்டுது. கோபம் வந்தா அம்மா ஒண்டையும் விடமாட்டா. 'நீ டென்மார்க்குக்குப் போய் அந்தாளிட்ட நேரில கேள்' எண்டு பெட்டியை அவிழ்த்துப்போட்டா. சுவரெண்டு தெரிஞ்சிருந்தா நாங்கள் ஊரில நிண்டிருப்பம்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"ஃபோன் லொட்ஜ் வாசலில. அம்மா பக்கத்தில."

நான் அடுப்புச் சூடாகிவிட்டதா என்று பார்க்கப் போனேன். அது ஏற்கெனவே சூடாகித்தான் இருந்தது. திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் ஏறி நின்று, கட்டையான கோபுரத்துக்குப் பென்சிலால் ஒரு நூல் உயரம் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணையின் குடும்பத்துக்கும் பதில் வந்தது. மனைவி வரலாம், இளைய பிள்ளைகள் இருவரும் வரலாம். மூத்த மகள் வரமுடியாது. அவளுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. விண்ணப்பித்தபோது அவள் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பிள்ளை. அந்த விண்ணப்பம் கிடந்த இடத்தில் கிடக்க, அவள் வளர்ந்துவிட்டாள். அண்ணை அன்றைக்கும் வேலைக்குப் போனார். வந்து, சாப்பிட உட்கார்ந்து, படத்தைப் பார்த்தார்.

"பிறந்தநாளைத் தள்ளிப்போட ஏலுமெண்டா தள்ளிப்போட்டிருப்பம் தம்பி" என்றார். அன்று உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகளை மன்னாரில் தனியே விட முடியாது. அண்ணையின் மனைவிக்கு ஒரு சகோதரி கன்னியாஸ்திரி, ரோமில் ஒரு மடத்தில் இருந்தார். அவர் ஒரு வயோதிப அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை தேடிக் கொடுத்து, மகளை அங்கே கூப்பிட்டுக்கொண்டார். டென்மார்க்குக்கு வரமுடியாத பிள்ளை இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. மாமிக்கு இதை எழுதினோம். தான் அப்போதே சொன்னதாக எழுதினார்.

விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டது பற்றி ஒரு விசாரணை வைத்தார்கள்; அது வருடக் கணக்கில் நடந்தது. அதன் முடிவில் அரசாங்கமே பதவி விலகியது. அண்ணையின் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். பிரதம மந்திரி பேசி முடித்ததும் அண்ணை எங்களைப் பார்த்து, "இனி மூத்தவளுக்கு வயசு குறையுமோ?" என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த கோடையில் ஒரு டேனிஷ் சுற்றுலா பஸ்ஸில் ரோமுக்குப் போனோம். அண்ணை, அவர் மனைவி, இளைய பிள்ளைகள், நாங்கள் இருவர். மற்றவர்கள் எல்லாம் ஓய்வூதியக்காரர்கள். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும்போது அவர்கள் பாட்டுப் பாடினார்கள். அண்ணை செபமாலை சொன்னார்.

மகள், பாப்பரசர் இருக்கும் இராயப்பர் கோயில் முற்றத்தில், நீரூற்றடியில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள். சொன்ன நேரத்துக்கு முன்பே போய் ஊற்றடியில் நின்றோம். அவள் வரவில்லை. அண்ணை ஊற்றைச் சுற்றி நடந்தார். அண்ணையின் மனைவி, பிள்ளையை வேலை வீட்டில் விடவில்லையோ என்றார். பிறகு, வேறு ஏதும் நடந்துவிட்டதோ என்றார். அரை மணி நேரம் ஆயிற்று. காற்று தண்ணீரைப் பிடித்து எங்கள் மேல் தெளித்துக்கொண்டிருந்தது.

அந்த முற்றம் ஒரு பெரிய நீள்வட்டம். இரு பக்கமும் தூண்கள் நாலு நாலு வரிசையாக வளைந்து போகின்றன. நடுவில் ஒரு கல் தூபி. அந்த இடத்தில் முதலில் ஓர் ஊற்றுத்தான் இருந்தது. தூண் வரிசையைக் கட்டியவர், ஒரு பக்கம் மட்டும் ஊற்று இருந்தால் மறுபக்கம் வெறிச்சென்று இருக்கும் என்று, அச்சாக அதே போல இன்னொன்றைத் தூபிக்கு அந்தப் பக்கம் கட்டி வைத்தார். கட்டடக் கலையில் அது மிகச் சரியான தீர்மானம். யாரையாவது சந்திக்க வருகிறவர்களை அவர் யோசிக்கவில்லை.

இது மண்டையில் ஏறியதும் நான் தூபியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன். இரண்டாவது ஊற்றடியில் ஓர் இளம் பெண், இரண்டு கையிலும் பை, முகம் முழுக்கக் கோபத்தோடு நின்றாள். சாப்பாட்டு மேசைக்கு மேலே வருடக் கணக்காக நான் பார்த்த முகம். உயரம்தான் வேறு.

"உங்கட அப்பா அங்கால நிக்கிறார்" என்றேன்.

"அங்கால என்ன செய்யிறார்?" என்று கேட்டாள்.

கூட்டிக்கொண்டு வந்தேன். அவளைக் கண்டதும் தாய் வாய்விட்டு அழுதார். தங்கையும் தம்பியும் யாரோ புது ஆளைப் பார்ப்பது போல நின்றார்கள். அண்ணை மகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "வளந்திட்டாள் தம்பி" என்றார்.

"எவ்வளவு நேரமா அங்க நிக்கிறன் அப்பா!"

"நாங்களும்தான் பிள்ளை" என்று சொல்லி அவள் கையிலிருந்த பைகளை வாங்கினார். வாங்கிய பைகளை அன்று முழுவதும் கீழே வைக்கவில்லை. சாப்பாடு எடுக்க வேண்டும் என்று அவள் கேட்டபோதுதான் கொடுத்தார்.

பிற்பகல் பஸ் ஆட்களை வழிகாட்டி நவோனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் மனைவி, போகிறீர்களா என்று கண்ணால் கேட்டாள். மகள் பின்னேரம் வேலை வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அந்த அம்மாவுக்கு மருந்து கொடுக்க வேறு ஆள் இல்லை. நான் போகவில்லை. தூண்களின் அடியில் நிழலாக இருந்த படியில் எல்லோரும் இருந்தோம். அவள் சோறும் மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பொதியை அவிழ்த்ததும் ஒரு காவலர் வந்து, இங்கே சாப்பிடக் கூடாது என்று கையைக் காட்டினார். மகள் எழுந்தாள். இத்தாலிய மொழியில் ஒரே மூச்சில், கையையும் ஆட்டி, நெடுநேரம் பேசினாள். காவலர் அண்ணையைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் போனார்.

அண்ணை வாயைத் திறந்தபடி இருந்தார். "என்ன பிள்ளை சொன்னனீ?"

"என்ர அப்பா கன தூரத்தில இருந்து வந்திருக்கிறார் எண்டு சொன்னன். கொஞ்சம் சத்தமாச் சொன்னன்."

அண்ணை சோற்றைப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு அளவு" என்றார்.

அவள் ரோமிலேயே கலியாணம் செய்து அங்கேயே இருக்கிறாள். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எஸ்பியர்க்குக்கு வருவாள். பிள்ளைகள் பாட்டனோடு பேசுவது கொஞ்சம் தமிழ், மீதி கை. ஒருமுறை அண்ணை அவர்களை நல்ல பீட்சா சாப்பிடலாம் என்று எஸ்பியர்க்கில் ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரோமில் பிறந்த பெரியவன் ஒரு கடி கடித்து, மென்று, இது என்ன சாப்பாடு என்று கேட்டான். அண்ணை அவனுக்கு இன்னொரு துண்டு வெட்டி வைத்தார்.